மூன்றாம் துறையின் லாக் ஃபைல்

அவள் படகுத்துறையில் இறங்கியபோது வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரம். ஆனால் பனிமூட்டம் தண்ணீரை விட்டு எழ மனமில்லாமல் அப்படியே படுத்துக் கிடந்தது. எதிர்க்கரையிலிருந்து அவளை ஏற்றி வந்த படகு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி கரைந்துபோயிருந்தது. மீதிப் பாதியில் யாரோ இருமும் சத்தம் மட்டும் கேட்டது.

கம்பெனியில் அவளுக்கு 'பேக்கப் அக்கா' என்று பெயர். எந்த வாடிக்கையாளர் என்ன கோளாறு என்று போன் செய்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, "பேக்கப் எடுத்தீங்களா?" என்பதுதான். வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கரை ஊருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெருவில்கூட இன்னும் யாரும் நெருங்கிப் பழகவில்லை.

காலையிலிருந்து டிக்கெட் மிஷின்கள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன என்று தகவல் வந்திருந்தது. ஒவ்வொரு துறையிலும் ஒரு சுழல் கேட் உண்டு. ஆள் நுழைய நுழைய அது எண்ணும். படகு தாங்கும் அளவு வந்ததும் சிவப்பு விளக்கைப் போட்டுப் பூட்டிக்கொள்ளும். இப்போது எண்ணுவதையே நிறுத்தியிருந்தது. ஊழியர்கள் கேட்டைத் திறந்துவிட்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளத் தள்ள அவர்களுக்குக் கணக்கு தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

சர்வர் அறை டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் இருந்தது. முன்பு மிதவைச் சட்டைகள் வைத்திருந்த இடம். சுவரெல்லாம் இன்னும் பழைய ரப்பர் வாடை. சர்வருக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில், தலையணை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். யாரோ அங்கேயே குடித்தனம் நடத்துவதைப் போல.

"நான்தான் இங்க சூப்பர்வைசர்" என்றார் கட்டிலிலிருந்து எழுந்தவர்.

வெளியே எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்றார்கள். அவர் படகு ஓட்டியவரில்லை. ஏறினாலே அவருக்குக் குமட்டும். எந்நேரமும் ஒரு நீலத் தொப்பி மாட்டியிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"பேக்கப் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"டேட்டாவுக்கு தினமும் எடுக்குறோம் மேடம்."

"லாக்குக்கு?"

அவர் பார்வை கட்டிலுக்குப் போனது. "அது நெறஞ்சுடுச்சுன்னா இன்னும் பெரிய டிஸ்க்கா வாங்கிப் போட்டுடுவோம்."

அவள் சிரித்துவிட்டாள். "வீட்டுல குப்பை சேந்தா குப்பையக் கொட்டணும் சார். இன்னும் பெரிய வீடா பாத்துக் குடி போகக் கூடாது."

கேப்டன் சிரிக்கவில்லை.

அவளுக்கு இது அன்றாடம் பார்க்கும் நோய். டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன்னால் அதை லாக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். லாக்கை அவ்வப்போது பேக்கப் எடுத்தால், முடிந்துபோனவற்றின் இடம் காலியாகி மறுபடி பயன்படும். எடுக்காமல் விட்டால் ஃபைல் வீங்கிக்கொண்டே போய் ஒரு நாள் டிஸ்க்கை முழுசாக விழுங்கிவிடும். அதன்பின் ஒரு எழுத்துகூட ஏறாது. இங்கேயும் அதுதான். டேட்டா ஒரு கைக்குட்டை அளவு என்றால், லாக் அறை முழுக்கக் கம்பளம் விரித்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

பையிலிருந்து தன் டிஸ்க் ஒன்றை எடுத்துச் செருகி, லாக்கை அதில் பேக்கப் எடுத்தாள். வெகுநேரம் ஓடியது. முடிந்ததும் இடம் காலியாகியிருக்க வேண்டும்.

துளிகூடக் காலியாகவில்லை.

காரணம் என்ன என்று சர்வரைக் கேட்டாள். ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு பயணம் இன்னும் முடியவில்லை.

அங்கே ஒவ்வொரு படகுப் பயணமும் ஒரு கணக்கு. கிளம்பும்போது டிக்கெட் பார்ப்பவர் தன் கைமிஷினில் அதைத் திறப்பார். கரை சேர்ந்ததும் 'வந்து சேர்ந்தது' என்று அழுத்தி மூடுவார். மூடாத பயணம் ஒன்று கிடந்தால், அதற்குப் பின்னால் எழுதிய எதையும் சர்வர் விட்டுக்கொடுக்காது. கட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பயணம் போன மழைக்காலத்தில் திறந்தது. வந்து சேர வேண்டிய இடம், மூன்றாம் துறை.

"மூணாம் துறை எது?"

கேப்டன் ஜன்னலைக் காட்டினார். இரண்டாம் துறைக்கு அப்பால், பனிக்குள் ஓர் இரும்புக் கதவு. சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டிருந்தது. துரு வழிந்து கீழே தரைவரை கோடு இழுத்திருந்தது.

"அங்க இப்ப படகு வர்றதில்ல."

"அப்ப அந்தக் கைமிஷின் எங்க இருக்கு?"

"தண்ணிக்கு அடியில."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்றைக்கும் டிஸ்க் நிரம்பித்தான் போயிருக்கிறது. எதிர்க்கரையில் காலைப் படகுக்குப் பயணத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கேட் எண்ணுவதை நிறுத்திவிட்டது. மழைக்குப் பயந்து கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. படகு பாதி வழிகூடத் தாண்டவில்லை.

"என் தங்கச்சிதான் அன்னிக்கு டிக்கெட் பாத்தா. பாதிப் பேரு உடம்புகூடக் கெடைக்கல மேடம். அவளோடதும்."

படகு கவிழ்ந்த செய்தியை அவளும் வேறொரு ஊரிலிருந்தபோது எங்கோ படித்திருந்தாள். பிறகு மெல்ல, "மிஷின் போச்சுன்னா இது அறுந்துபோன தொடர்பு சார். தொங்கிக்கிட்டு நிக்குது. வெட்டி விட்டா சரியாயிடும்" என்றாள்.

"அறுந்ததுன்னா எப்படி மேடம் எழுதும்?"

"எழுதுதா?"

"அன்னிக்கு மத்தியானம் வந்து வேற டிஸ்க் போட்டாங்க. அப்பலேர்ந்து எழுதுது."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே காட்டினார். கைமிஷின் அவ்வப்போது ஒரே ஒரு விஷயத்தை அனுப்பும். துறையிலிருந்து படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை. வரிசை வரிசையாக அதுவேதான். முதலில் தூரம் கூடிக்கொண்டே போனது. பிறகு பல வாரம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, கண் தெரியாதவர் சுவரைத் தடவுவதைப் போல. பிறகு ஒரு நாள் திசை பிடித்துவிட்டது. அதன்பின் குறைந்துகொண்டே வந்தது.

கடைசி வரி அன்று காலை, டிஸ்க் நிரம்பிய நேரத்தில் எழுதியது.

கல்லெறி தூரம்.

அவள் தன்னையறியாமல் ஜன்னலைப் பார்த்தாள். பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"சாஃப்ட்வேர் கோளாறு சார் இது" என்றாள். தன் குரலில் தனக்கே நம்பிக்கை இல்லை.

மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "இன்னுமா பாத்துட்டு இருக்க? ரீஸ்டார்ட் பண்ணிட்டுக் கெளம்பி வாம்மா."

அவள் போனை வைக்கும்போது கேப்டன் இடம் மாறியிருந்தார். சர்வரின் மின்சார சுவிட்சுக்கு முன்னால், சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவரைப் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"முன்ன வந்தவங்களும் அதத்தான் சொன்னாங்க. நான் எந்திரிக்கல." திரையை நிமிர்ந்து பார்த்து, "வெட்டி விட்டா என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டார்.

"இது எழுதுனதையெல்லாம் சர்வர் ஒண்ணொண்ணா அழிச்சுக்கிட்டே பின்னாடி போகும். ஆரம்பிச்ச எடம் வரைக்கும்."

"பின்னாடின்னா... வந்த வழியாவேவா? படகு கவுந்த எடத்தத் தாண்டியா?"



வெளியே திடீரென்று கூச்சல். ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் துறையில் நின்ற படகின் ஓரமெல்லாம் மனிதத் தலைகள். படகோட்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "போதும், எறங்குங்க" என்று கத்துகிறார். யாரும் இறங்குவதாயில்லை. ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொடுக்கிறாள்.

அவள் வேகமாக யோசித்தாள். வெட்டினாலும் ரீஸ்டார்ட் செய்தாலும் இத்தனை மாதத்து எழுத்தையும் அழித்து முடிக்க இன்றைய பொழுது போதாது. அதுவரை கேட் எண்ணாது. இன்னொரு வழி இருந்தது. பையில் இன்னொரு டிஸ்க் வைத்திருந்தாள். அதில் லாக்குக்கு இரண்டாவது ஃபைல் ஒன்றைத் திறந்துவிட்டால் அடுத்த நொடியே எல்லாம் எழுத ஆரம்பித்துவிடும். முதல் துறை கேட்டும்.

மற்றதும்.

வெளியே நிற்கும் கூட்டத்துக்காகத்தான் செய்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டிஸ்க்கைச் செருகினாள்.

கேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. தேங்கிக் கிடந்த எண்ணிக்கை ஒரேயடியாக ஏறி, முதல் துறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவள் மூச்சு விட்டாள். கேப்டன் வெளியே பார்க்கவேயில்லை. எழுந்து வந்து திரையை ஒட்டி நின்றார்.

புதிய வரி வந்தது.

தூரம் குறைந்திருந்தது.

மீண்டும் ஒன்று. இன்னும் குறைவு.

பனிக்குள்ளிருந்து ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு மூச்சு வாங்குவதைப் போல விட்டு விட்டு இருமியது. அந்தப் பக்கம் இந்த நேரத்தில் எந்தப் படகும் வர வேண்டியதில்லை. சேற்று வாடை அறைக்குள் வந்தது. பழைய டீசல் வாடை. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை.

இரும்பில் மரம் மெல்ல இடித்தது.

பிறகு எஞ்சின் நின்றது.

பூட்டிய கதவுக்கு உட்பக்கம், மூன்றாம் துறையின் சுழல் கேட் ஒரு சுற்று சுற்றியது.

கடக்.

கேப்டன் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கடக்.

அவசரமே இல்லாமல், நெடுந்தூரம் வந்து களைத்தவர்கள் மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நுழைவதைப் போல.

கடக். கடக்.

அவள் முதலில் எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, கடைசியில் காதைப் பொத்திக்கொண்டாள்.

கையை எடுத்தபோது சத்தம் ஓய்ந்திருந்தது. திரையில் ஒரு வரி இருந்தது. 'வந்து சேர்ந்தது.' பயணம் தானாக மூடிக்கொண்டது.

"அவதான் அமுக்கியிருக்கா" என்று முணுமுணுத்தார் கேப்டன். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். அவர் துருப்பிடித்த பூட்டோடு போராடித் திறந்தார். கதவை அகலத் தள்ளிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார், வெகுநேரம். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றி இரண்டு கையாலும் யார் தோளிலோ போர்த்துவதைப் போல நீட்டினார். ஸ்வெட்டர் கீழே விழவில்லை. அவர் முழங்கையை மடக்கி, சின்னச் சின்ன அடியாக, யாருடைய மெதுவான நடைக்கோ ஈடு கொடுத்துக்கொண்டு தெருப் பக்கம் போய்விட்டார். திரும்பியே பார்க்கவில்லை.

அந்தக் கதவிலிருந்து ஈரம் பாதைபோல நீண்டு டிக்கெட் ஹாலுக்குள் வந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தாமலே, ஏன் என்று தெரியாமலே, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மீதி வேலையை அவள் கைகள் பழக்கத்தில் செய்தன. லாக்கைப் பேக்கப் எடுத்தாள். இந்த முறை இடம் மளமளவென்று காலியானது. ஃபைலைச் சுருக்கினாள். இரண்டாவது ஃபைலை நீக்கினாள். இனி கால் மணிக்கு ஒருமுறை லாக் பேக்கப், தினமும் முழுப் பேக்கப், எதிர்க்கரையில் ஒரு பிரதி என்று எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி அமைத்தாள். எடுத்த பேக்கப்பைத் தன் லேப்டாப்பில் திரும்ப ஏற்றிச் சரிபார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக முடிந்த வேலை இதற்கு முன் அவளை இப்படி நடுங்க வைத்ததில்லை.

கிளம்பும் முன் கேப்டனுக்குப் போன் செய்தாள்.

"தங்கச்சி தூங்குறா மேடம்" என்று கிசுகிசுத்தார். "ரொம்ப அசதியா இருக்கா. நாளைக்குப் பேசுறேன்."

பொழுது சாய்கிற நேரத்துப் படகில் ஏறப் போனபோது முதல் துறை கேட் சிவப்பாகிப் பூட்டிக்கொண்டது. படகில் பெஞ்சுகள் முக்காலும் காலி.

"பத்துப் பேருகூட ஏறல, நெறஞ்சுடுச்சுங்குது" என்றார் படகோட்டி. "என்னக்கா ரிப்பேர் பண்ணீங்க?"

அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். கேட் பிழை எதுவும் செய்யவில்லை. ஏறியவர்களின் டிக்கெட்டுகளை ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தது. பெரும்பாலானவை போகவர எடுத்த டிக்கெட்டுகள். போன மழைக்காலத்தில், அந்தக் காலையில் எடுத்தவை. திரும்பும் பாதி இன்றைக்குத்தான் பயன்பட்டிருந்தது.

அவள் படகின் வயிற்றைக் கைகாட்டினாள். பாரத்துக்கு எல்லையாக வரைந்திருந்த வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது.

படகோட்டி கோட்டைப் பார்த்தார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. உள்ளே இருந்த நாலைந்து பேரைத் தாழ்ந்த குரலில் கீழே இறங்கச் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். கோடு வெளியே வரவில்லை.

அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வீட்டுக்குத்தானே போகணும்" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறேன்."

தனியாகத்தான் போனார். படகு கனத்து, தள்ளாடி, மெதுவாக நகர்ந்தது. திரும்பி வந்தபோது தக்கைபோல மிதந்தது. "எறங்கிட்டாங்க" என்றார், அவ்வளவுதான். பெஞ்சுகளெல்லாம் ஈரம். அவள் எதிர்க்கரை வரும்வரை உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அவள் தெருவில் அப்போதுதான் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வானத்தில் மேகம்கூட இல்லை. முதல் வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, வெறும் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைக் கையால் மூடினாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கி, கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டும் சத்தம். திறக்கும் சத்தம். அதன்பின் ஒரு கிழவரின் அழுகை, அல்லது சிரிப்பு. படிகளெல்லாம் நனைந்திருந்தன.

அவள் கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓடியே கடந்தாள்.

கதவு திறந்திருந்தது. கணவன் கையில் தரை துடைக்கும் துணியோடு ஹாலில் குனிந்திருந்தான்.

"வந்துட்டியா? யாரோ வந்திருக்காங்க."

"யாருங்க?"

"முன்னாடி இந்த வீட்ல இருந்தவங்களாம். வெளிய நின்னு குரல் குடுத்தாங்க. நான் அடுப்புல வேலையா இருந்தேனா, உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லிட்டேன்."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"எங்க... வந்து பாக்குறேன், ஆளக் காணோம். தரையெல்லாம் தண்ணி. தொடைக்கத் தொடைக்க ஊறுது."

ஈரம் வாசலிலிருந்து கிளம்பி, ஹாலில் எங்கும் தயங்காமல், மேசையைச் சுற்றிக்கொண்டு, நேராக உள் அறைக்குப் போயிருந்தது. விளக்கில்லாமலே அந்த வீட்டில் நடந்து பழகிய கால்கள்.

மகளின் அறை.

உள்ளே மகள் யாரிடமோ பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் கிடைத்ததுபோல மறுபடி தொடர்ந்தாள்.

அவள் அந்தக் கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

கதவு கொஞ்சம் திறந்தது. மகள் அதன் இடுக்கில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"அம்மா, ஒரு துண்டு குடு. இவங்க தலை தொவட்டணுமாம்."

அவளுடைய இன்னொரு கை, யாரோ பிடித்திருப்பதைப் போல, பின்னால் இருட்டுக்குள் நீண்டிருந்தது.